ஐந்தருவி ரோட்டு முன்னறை

தென்காசி
19.5.2025
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

திருமதி எப்சிபா பெஞ்சமின் அவர்களுக்கு,

குற்றாலம் ஐந்தருவி ரோட்டில் எனக்குச் சொந்தமான வீட்டில் தாங்கள் பதினோரு வருடங்களாக வாடகைக்குக் குடியிருந்து வருகிறீர்கள். சென்ற ஆகஸ்ட் முதல் வாடகை பாக்கி வைத்துள்ளீர்கள். இக்கடிதம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் வட்டியுடன் செலுத்த வேண்டும். தவறினால் வீட்டைக் காலி செய்யக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்யப்படும்.

இதுவரைக்கும் வக்கீல் சொல்லச் சொல்ல எழுதினேன். வக்கீல் நோட்டீஸாகவே அனுப்பிவிடலாம் என்றுதான் என் மகன் சமீர் சொன்னான். சிவப்பு முத்திரை குத்திய உறை உன் வாசலுக்கு வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும் என்று நான்தான் என் கையால் எழுதுகிறேன் என்றேன். இதற்குக் கீழே உள்ளதை வக்கீல் பார்க்கவில்லை.

எப்சிபா, ஒன்பது மாதமாக எங்கள் வீட்டில் மதியச் சோறு எப்படிப் போகிறது என்று உனக்குத் தெரியாது. சமீரின் வாப்பா கடையிலிருந்து வந்து தட்டில் கை வைத்ததும் முதல் கேள்வி அதுதான். "குத்தாலத்து வாடகை வந்துட்டா?" நான் குழம்பை ஊற்றுவேன். அடுத்து சமீர் ஆரம்பிப்பான்.

அந்த வீடு என் கல்யாணத்துக்கு என் வாப்பா எனக்கென்று எழுதிக் கொடுத்தது. வாடகை ஒழுங்காக வந்தவரை அந்த வீட்டைப் பற்றி இங்கே ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. வாடகை நின்றதும் ஆளாளுக்குத் திட்டம் போடுகிறார்கள். சமீருக்குக் கத்தாரில் வேலை போய் ஆறேழு மாதம் ஆகிறது. வீட்டை இடித்து நாலு ரூம் எடுத்து சீசனுக்கு விட வேண்டும் என்கிறான். உனக்காக எவ்வளவோ வாயடித்தேன். இப்போது பேசுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அதற்குக் காரணம் நீதான்.

போனில் கூப்பிடாதே. நீ அழுவாய், நான் விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று சமீர் உன் நம்பரை என் போனில் பிளாக் செய்து வைத்திருக்கிறான். என்ன சொல்வதென்றாலும் எழுது.

ஹைருன் பீவி


குற்றாலம்
2.6.2025

ஹைருன் அக்கா,

நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை கேட்க மனசு வரவில்லை.

எங்கள் பாக்கி இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் நமக்குள் ஒரு பேச்சு இருந்ததா இல்லையா? வாடகை மாசக் கணக்கு, கொடுப்பது சீசன் கணக்கு. மற்ற மாதங்களில் முடிந்ததைக் கொடுப்போம், சாரல் காலத்தில் ஒட்டுமொத்தமாகத் தீர்ப்போம். பதினோரு வருஷமாக அப்படித்தான் ஓடியது. போன சீசனில் பாதி நாள் குளிக்கத் தடை. மீதி நாள் அருவியில் தண்ணீர் இல்லை. என் புருஷன் வேனில் ஏற ஆள் இல்லை. தவணை கட்டாமல் வேனை பைனான்ஸ்காரன் எடுத்துக்கொண்டு போனதும் உங்களுக்குத் தெரியும். இப்போது அவர் புனலூரில் லாரி ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒரு நாள் செங்கோட்டை வழியாக வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறார். இத்தனை நாள் பொறுத்த நீங்கள் சரியாகச் சீசன் தொடங்குகிற நேரம் பார்த்து ஒரு மாதக் கெடு வைக்கிறீர்கள். சீசன் முடியும் வரை பொறுக்க முடியாதா?

உங்கள் கடிதம் வந்து நாலு நாளில் சமீர் ஒரு ஆளோடு வந்தான். மீட்டர் பெட்டியைத் திறந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனான். "எக்கா, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீய. காலி பண்ணுங்க, பெறவு கரண்டு தன்னால வரும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். மோட்டார் ஓடவில்லை. ஊர் முழுக்கத் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் நானும் என் மகள் ஜெபமலரும் தெருக்குழாயில் குடம் தூக்கினோம்.

அதனால்தான் தென்காசி கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். லோகநாயகி என்று ஒரு வக்கீலம்மா. நான் அழுததை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. "அழுறத பெறவு வச்சுக்கலாம். வாடகை பாக்கி எவ்வளவு இருந்தாலும் கரண்டையோ தண்ணியையோ நிறுத்த வீட்டுக்காரங்களுக்கு உரிமை கெடையாது. கோர்ட்டு உத்தரவு இல்லாம ஒரு சட்டிய வெளிய வைக்க முடியாது" என்றார்கள். நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை முழுசாகக் கட்டிவிட்டால் பாக்கியைச் சொல்லி வெளியேற்ற முடியாதாம். நீங்கள் வாங்க மறுத்தால் அரசு அதிகாரியிடமே கட்டிவிடலாமாம். பணம் வாங்கினால் ரசீது தரவேண்டுமாம். இத்தனை வருஷத்தில் நான் ஒரு ரசீது கேட்டதுண்டா? இனிமேல் கேட்பேன்.

கெடுவுக்குள் கட்டிவிடுவேன், பயப்பட வேண்டாம். முன்னறையையும் படுக்கை அறையையும் சீசன் ஆட்களுக்கு விட்டுவிட்டு நானும் ஜெபமலரும் அடுப்படிக்கு வந்துவிட்டோம். கொல்லத்துக் குடும்பம், நல்ல மனுஷர்கள், ஆகஸ்ட் வரை மாறி மாறி வந்து போவார்கள். அட்வான்ஸ் பேசியிருக்கிறேன். அதை வாங்கித்தான் உங்களுக்குத் தரவேண்டும். மற்றது உங்களுக்கே தெரியும்.

எப்சிபா


தென்காசி
9.6.2025

எப்சிபா,

உன் கடிதத்தைத் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது சமீர். பிரித்துப் படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தான்.

கரண்டைப் பிடுங்கியது எனக்குத் தெரியாது. தெரிந்ததும் சண்டை போட்டு, எலக்ட்ரீஷியன் சுடலைக்கண்ணுவை அனுப்பி மாட்டச் சொன்னேன். மாட்டியிருப்பார். அது என் மகன் செய்த தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நீ கோர்ட்டு வாசலில் போய் நிற்க வேண்டுமா? என் தங்கை ஜுஹைனா வீட்டுக்குக் குர்ஆன் கத்தம் ஓதப் போனேன். பந்தியில் ஒருத்தி கேட்கிறாள், "குத்தாலத்துல கரண்ட்டப் புடுங்கிட்டியளாமே?" பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். என் வீட்டுக்குக் குடிவந்த முதல் வருஷம் உனக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவள் நான். அதை எந்த வக்கீலம்மாவிடமாவது சொன்னாயா?

சீசன் வரை பொறுக்க முடியாதா என்று கேட்கிறாய். பொறுத்துப் பொறுத்துத்தான் இங்கே என் பேச்சு எடுபடாமல் போனது. என் வீடு, என் பெயர், ஆனால் அதை என்ன செய்வது என்று பேசும்போது என்னை டீ போடச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. அறை விஷயத்தை ஏன் எழுதினாய்? அதை எழுத வேண்டிய அவசியம் என்ன? உன் கடிதத்தை சமீர் வக்கீலிடம் காட்டினான். அவர் அந்த இடத்தை இரண்டு தரம் படித்துவிட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்மா" என்றார். இனிமேல் இந்த விலாசத்துக்குப் பணத்தையும் தேதியையும் தவிர எதுவும் எழுதாதே. மற்றதை செங்கோட்டையில் ஜுஹைனா வீட்டுக்கு அனுப்பு.

கெடுவுக்குள் கட்டிவிடு. கட்டினால் இவர்கள் வாயை நான் அடைக்கிறேன்.

ஹைருன்


குற்றாலம்
17.6.2025
பதிவுத் தபால்

ஹைருன் பீவி அவர்களுக்கு,

வாடகை பாக்கி முழுவதும், இந்த மாத வாடகையும், வட்டியும் இன்று உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தியிருக்கிறேன். ரசீது அனுப்பி வைக்கவும்.

எப்சிபா பெஞ்சமின்


குற்றாலம்
11.8.2025

ஹைருன் அக்கா,

ரசீது வரவில்லை. கோர்ட்டு சம்மன் வந்தது.

ஜுஹைனா அக்கா விலாசத்துக்கு எழுதுவதால் மனசில் உள்ளதை எழுதுகிறேன். கொல்லத்துக்காரர்கள் முன்னால்தான் கோர்ட்டு அமீனா சம்மனோடு வந்து நின்றார். அந்த வீட்டுப் பெரியவர் "எந்தா மோளே, பிரச்னம்?" என்று கேட்டார். தண்ணீர் வரி விஷயம் என்று பொய் சொன்னேன்.

மனுவை ஜெபமலர் உட்கார்ந்து வாசித்தாள். பாக்கியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல், அவர் சம்மதம் இல்லாமல், வீட்டின் பகுதியை வெளியாட்களுக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டாராம் வாடகைதாரர். அதற்கு ஆதாரம் வாடகைதாரரே தன் கைப்பட எழுதிய கடிதமாம். நான் உங்களுக்கு எழுதிய கடிதம், அக்கா. பணம் தருவேன், பயப்படாதீர்கள் என்று உங்களுக்குத் தைரியம் சொல்ல எழுதியது.

லோகநாயகி அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "பாக்கி இருந்தாக்கூட கட்டித் தப்பிக்கலாம். இது அப்படி இல்ல. எழுத்துல சம்மதம் இல்லாம விட்டா வெளியேத்தச் சட்டத்துல எடம் இருக்கு. நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பியிருக்கியே" என்றார்கள். அக்ரிமெண்டிலும் அந்த வரி இருக்கிறதாம். பத்திரம் எழுதுகிறவர் எல்லாருக்கும் போடுகிற வரி. நீங்களும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாமலா விட்டேன்? சீசனுக்கு அறையை விடலாம் என்று எனக்குச் சொல்லித் தந்தது யார்? நாங்கள் குடிவந்த மறுவருஷம் ஆனி மாதம், நீங்கள்தான் வந்து நின்று, "ஏட்டி, இந்தக் கூட்டத்துல முன்னறைய சும்மா போட்டு வச்சிருக்கியே. ரெண்டு பேரும் அடுப்படியில படுத்தா என்ன, தேய்ஞ்சா போயிருவிய?" என்று கேட்டீர்கள். முதல் ஆட்களை அனுப்பியதே நீங்கள். காயங்குளத்துக்காரர்கள். அன்றிலிருந்து அறைக்காசில் பாதி உங்கள் கைக்கு வந்தது. உங்கள் வீட்டில் சொல்லக்கூடாது என்றீர்கள். நான் என் புருஷனிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

மனுவின் அடியில் இருக்கிற கையெழுத்து உங்களுடையதுதானா? அதை மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் என்னவோ நடந்துவிட்டது என்று இருந்துவிடுகிறேன்.

எப்சிபா


செங்கோட்டை
20.8.2025

எப்சிபா,

ஜுஹைனா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு தாள் கிழித்தாகிவிட்டது.

என் கையெழுத்துதான். காட்டிய இடத்தில் போட்டேன், படிக்கவில்லை என்று எழுதலாம். நீ நம்பவும் செய்வாய். படித்துத்தான் போட்டேன்.

நீ பணம் கட்டிய அன்று நான் சந்தோஷப்பட்டேன். போதும், விஷயம் முடிந்தது என்றேன். வக்கீல், "பாக்கியை விடுங்கம்மா, அதைவிடப் பெரிசு கையில் இருக்கு" என்று உன் கடிதத்தை எடுத்தார். சமீரும் அவன் வாப்பாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள். "அறையை விடுதது உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்றால் அடுத்து என்ன கேட்பார்கள்? ஏன் விட்டாய், அவள் உனக்கு என்ன தந்தாள், அந்தக் காசெல்லாம் எங்கே. தெரியாது என்றேன். ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு அந்த வார்த்தைக்குப் பின்னாலேயே போக வேண்டியதாகிவிட்டது.

அந்தக் காசை நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடி மாற்றினேன். ஜுஹைனாவுக்கு முடியாமல் போனபோது கொடுத்தேன். ஒருமுறை உன்னைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டை ஓட்டலில் சாப்பிட்டோம், ஞாபகம் இருக்கும். யாரிடமும் கேட்காமல் செலவு செய்தேன், அவ்வளவுதான். ஆனால் சமீர் வாப்பாவுக்கு அது அவ்வளவுதான் இல்லை. தன் பெண்டாட்டி பத்து வருஷமாகத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறைத்தாள் என்றுதான் தெரியும். அந்த மனுஷர் என் மேல் கை ஓங்கினவர் இல்லை. பேசாமல் இருந்துவிடுவார். அதுதான் எனக்குப் பயம்.

நான் ஒன்று சொல்கிறேன், கேள். வழக்கு நடந்தால் நீ தோற்பாய். அதற்குமுன் சமாதானமாகக் காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடு. பொங்கல் வரை அவகாசம் வாங்கித் தருகிறேன். அட்வான்ஸை முழுசாகத் திருப்பித் தரச் சொல்கிறேன். உனக்கு வேறு வீடு கிடைக்கும். அச்சன்புதூர் பக்கம் வாடகையும் குறைச்சல். எனக்கு வேறு குடும்பம் கிடைக்காது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத வந்தேன். கோபம் இருக்கிறது. நீ வாடகையை நிறுத்தாமல் இருந்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

ஹைருன்


குற்றாலம்
3.10.2025

ஹைருன் அக்கா,

அச்சன்புதூரில் எனக்கு என்ன இருக்கிறது? அங்கே எந்த அருவி கொட்டுகிறது, யார் வந்து நான் சுட்டு விற்கிற ஆப்பத்தைச் சாப்பிடப் போகிறார்கள்? சீசனில் அடுப்படியில் படுத்தாலும் அந்த மூன்று மாதம்தான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு. ஜெபமலர் பிளஸ் டூ படிக்கிறாள். நடு வருஷத்தில் எங்கே இழுத்துக்கொண்டு போவேன்? வேறு வீடு கிடைக்கும் என்று எழுதுவது சுலபம். கோர்ட்டு மூலம் காலி செய்தவள் என்று தெரிந்தால் இந்த ஊரில் யார் எனக்குக் கதவைத் திறப்பார்கள்?

எழுதிக் கொடுக்க மாட்டேன். பதினைந்தாம் தேதி விசாரணைக்கு வருவேன்.

உங்களிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரிக்குத் தெரியும் என்பதற்கு ஏதாவது இருக்கிறதா, ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கிறதா என்று லோகநாயகி அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். என் பழைய போனை நோண்டினோம். நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தையது. "எப்சிபா, சனிக்கெழம காயங்குளத்து ஆளுவ வருதாவ. முன்னறைய ஒழிச்சுக் குடு. எம் பங்க ஜுஹைனா கையில குடுத்துரு. சமீர் வாப்பா காதுல விழுந்துராம பாத்துக்க." பின்னால் உங்கள் வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம்கூடக் கேட்கிறது.

லோகநாயகி அம்மா எழுந்தே விட்டார்கள். சட்டம் எழுத்துச் சம்மதம்தான் கேட்கிறதாம். ஆனால் ஆள் அனுப்பியதும் பங்கு வாங்கியதும் வீட்டுக்காரியே என்று அவர் குரலிலேயே தெரிந்தால், மனு பொய் என்று ஆகிவிடும், வழக்கு நிற்காது என்கிறார்கள். கோர்ட்டில் போட்டுக் காட்டலாம் என்கிறார்கள்.

அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரரும் சமீரும் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். ஜட்ஜ் கேட்கும்போது, தெரியும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பங்கைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை, நானும் வாய் திறக்க மாட்டேன். நீங்கள் தெரியாது என்று சொன்னால் நான் போனை எடுப்பேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு வழி வைக்கவில்லை நீங்கள்.

எப்சிபா


தென்காசி
9.10.2025

எப்சிபா,

ஜுஹைனா வழியாகக் கடிதம் கிடைத்தது. கிழித்துவிட்டேன். என் குரலை இத்தனை வருஷம் பத்திரப்படுத்தி வைத்திருந்தாயா? நல்லது. செய்கிறதைச் செய்.

ஹைருன் பீவி


குற்றாலம்
16.10.2025

ஹைருன் அக்கா,

நேற்று நடந்தது உங்களுக்குத் தெரியும். என் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜட்ஜம்மா உங்களிடம் கேட்டார்கள். தெரியாது என்றீர்கள். ஒரு தடவைகூடத் தெரியாதா என்று திரும்பக் கேட்டார்கள். அப்போதும் தெரியாது என்றீர்கள். இரண்டாவது தடவை உங்கள் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. என் பக்கம் ஒருதடவைகூடத் திரும்பவில்லை நீங்கள்.

போன் என் கையில்தான் இருந்தது. அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்து லோகநாயகி அம்மா என் கையில் தந்திருந்தார்கள். பட்டனை அமுக்க வேண்டியதுதான். அவர்கள் முழங்கையால் என்னை இடித்தார்கள். உங்களை இறங்கச் சொன்னார்கள், நீங்கள் பின்னால் போய் உட்கார்ந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து உங்கள் கையில் கொடுத்தார். நீங்கள் குடித்து முடிக்கும் வரை பாட்டிலை விடாமல் அவரும் கூடப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்காரிக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று ஜட்ஜம்மா என்னைக் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் லோகநாயகி அம்மா மரத்தடியில் நிற்க வைத்துத் திட்டினார்கள். "ஏம்மா, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? நாலு மாசமா ஒரு பைசா வாங்காம ஓடியாடுதேன், கடைசில நீயே கழுத்த நீட்டுதியே. போ, போய்ச் சாமானக் கட்டு" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. நவம்பர் நடுவில் உத்தரவாம். வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜெபமலர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் புனலூரிலிருந்து போனில் கேட்டுவிட்டு, "சரி, அட்டப்பெட்டி சேத்து வய்யி" என்று மட்டும் சொன்னார்.

உங்கள்மேல் பாசத்தில் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குரலைப் போட்டால் எனக்கு வீடு மிஞ்சும், உங்களுக்கு வீடு மிஞ்சாது. வாடகைக்காரியாக இருந்து பழகியவள் நான், வீடு இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று ஐந்து மாதமாக ராத்திரியும் பகலும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை இன்னொருத்திக்குச் செய்ய அந்த நேரத்தில் விரல் வரவில்லை. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, அமுக்கியிருக்கலாமே என்று அழுதேன். இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நீங்கள் சொன்ன அந்தத் தெரியாதுவை நான் மன்னிக்கவில்லை. குரலை அழித்துவிட்டேன் என்று பெரிய மனசுக்காரி வேஷம் போடவும் எனக்குத் தெரியாது. போனில்தான் இருக்கிறது. உத்தரவு வந்ததும் சாவியை ஜுஹைனா அக்கா வீட்டில் கொடுத்துவிடுகிறேன். உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன்.

எப்சிபா


தென்காசி
12.11.2025

எப்சிபா,

அட்டைப்பெட்டிகளைப் பிரித்துவிடு. மனுவை வாபஸ் வாங்கியாகிவிட்டது. நேற்று கையெழுத்துப் போட்டேன். லோகநாயகி அம்மாவிடம் கேட்டுப் பார், நகல் அவர்களுக்கும் போயிருக்கும். வக்கீல் என்னைக் கோர்ட்டு வராந்தாவில் வைத்துச் சத்தம் போட்டார், தன் பேர் கெட்டுவிட்டதாம். இருக்கட்டும்.

உன் கடிதத்தை ஜுஹைனா வீட்டில் படித்துவிட்டு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் ஓட்டினேன். உத்தரவு வந்தால் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது என்றுதான் இருந்தேன், உள்ளதைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் சமீர் ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து பிளான் விரித்தான். முன்னறையில் எங்கே பாத்ரூம் எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் டீ கேட்டார்கள். நான் டீயை வைத்துவிட்டு, அந்த ஆள் போகட்டும் என்று நின்றேன். போனதும் சொன்னேன். ஆள் அனுப்பியது, பங்கு வாங்கியது, எல்லாம்.

சமீர் வாப்பா, "எத்தன வருசமா?" என்று கேட்டார். எப்சிபா வந்த மறுவருஷத்திலிருந்து என்றேன். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வருகிறார், சாப்பிடுகிறார், போகிறார். பேச்சு இல்லை. நான் பயந்தது அப்படியே நடக்கிறது.

சமீர் காசைப் பற்றிக் கேட்கவே இல்லை. "உம்மா, அப்போ அன்னைக்கு ஜட்ஜ் முன்னால நீ சொன்னது பொய்யா?" என்றான். ஆமாம் என்றேன். "நான் பக்கத்துல இருக்கும்போதா?" என்றான். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. எத்தனையோ தப்புச் செய்கிற பிள்ளை, கரண்டைப் பிடுங்குகிற பிள்ளை, அவன் என்னைப் பார்த்து அதைக் கேட்டுவிட்டான். சென்னையில் ஏஜெண்டைப் பார்க்க என்று பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நீயும் தரப்போவதில்லை என்று எழுதிவிட்டாய். சரிக்குச் சரி.

இனிமேல் சீசன் கணக்கு கிடையாது. மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் வாடகை என் வங்கிக் கணக்குக்கு வந்துவிட வேண்டும். இரண்டு மாதம் தவறினால் மறுபடியும் ரிஜிஸ்டர் தபால் வரும், அப்போது எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஜூனில் நீ கட்டியதற்கு ரசீது இத்துடன் வைத்திருக்கிறேன். அறைக்காசில் பங்கு இனி வேண்டாம். நீ விட்டுக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அதையும் வைத்திருக்கிறேன். லோகநாயகி அம்மாவிடம் காட்டி, சரியாக எழுதியிருக்கிறேனா என்று கேட்டுக்கொள்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிமார் கூட்டம் வந்துவிடும், உனக்கு முன்னறை ஒழியாது. அதற்குள் ஓரிரண்டு நாளைக்கு அந்த அறையை எனக்குக் கொடு. இந்த வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இல்லை. ஜுஹைனா வீட்டுக்குப் போனால் ஏன் வந்தாய் என்று கேட்பாள். நீ கேட்க மாட்டாய், உனக்குத் தெரியும். என்னோடு நீ பேச வேண்டும் என்றுகூட இல்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வேண்டாம் என்றால் ஜுஹைனாவுக்குப் போன் செய்து சொல்லிவிடு. உன் நம்பரை என் போனில் எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

காயங்குளத்துக்காரர்களிடம் வாங்குகிற வாடகையை என்னிடமும் வாங்கு. குறைத்தால் தங்க மாட்டேன். போர்வை நானே கொண்டுவருகிறேன்.

ஹைருன்